சேர்வராயன் எத்தனை அடி?

போன வருஷம் மே மாதம் சேர்வராயன் கோயில் வாசலில் நின்றுகொண்டு ஒரு அபத்தமான சந்தோஷத்தை அனுபவித்தேன். அரசாங்கம், சுற்றுலாத் துறை, விக்கிபீடியா, ஏற்காட்டு வாடகைக் கார் ஓட்டுநர்கள் என எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஓர் எண் தப்பு என்று கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த எண் 5,326 அடி, அதாவது 1,623 மீட்டர். ஏற்காட்டில் யாரைக் கேட்டாலும் மலையின் உச்சி சேர்வராயன் கோயில்தான், உயரம் இவ்வளவுதான் என்று சொல்லிவிடுவார்கள். என் கைபேசியில் நானே எழுதிய சின்ன செயலி ஒன்று உண்டு. நடக்கும் பாதையையும் உயரத்தையும் பதிவு செய்யும், அவ்வளவுதான். அது காட்டியது 1,532 மீட்டர். கணக்குப் போட்டால் 5,026 அடி. சரியாக முந்நூறு அடி குறைகிறது!

ஜிபிஎஸ் உயரத்தில் பத்து இருபது மீட்டர் பிசகும் என்பது எனக்குத் தெரியும். 90 மீட்டர் பிசகாது. கோயிலைச் சுற்றி நான்கு இடங்களில் நின்று பார்த்தேன். இரண்டு, மூன்று மீட்டர் முன்னே பின்னே, அதே எண்தான். அங்கேயே பள்ளி நண்பர்கள் குழுவில் ஒரு செய்தியும் போட்டுவிட்டேன்: "நம்ம மலைக்கு 300 அடி கூடுதலா கணக்கு எழுதி வெச்சிருக்காங்கடா." சேலத்துக்காரர்களுக்கு இதைவிட நல்ல வம்பு கிடைக்காது. இறங்கி வருவதற்குள் நாற்பது பதில்கள்.

அந்த முந்நூறு அடி எங்கே போயிற்று என்று தேடிய கதைதான் இது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காடு ஏரியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் போல வரும். பெரும்பாலானவர்கள் காரில் வந்து, இறங்கி, படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் நடந்துதான் போனேன். காபித் தோட்டங்களுக்கு நடுவே, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, வெயில் உறைக்காத நடை. உச்சி என்றவுடன் கூம்பு மாதிரி ஒன்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். மேலே ஏறினால் மைதானம் மாதிரி தட்டையாக இருக்கும். மலைக்குள்ளே இருப்பது சார்னோகைட் என்ற பழம்பாறை. அதன் மேல்பகுதி மழையிலும் வெயிலிலும் லட்சக்கணக்கான வருஷங்கள் மக்கி, அலுமினியச் சத்து மிஞ்சிய பாக்சைட் மேலோடாக மாறியிருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலைத்தொடரிலிருந்துதான் பாக்சைட் போனது. அந்தத் தட்டையான தலையில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போகவேண்டும். இருட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் சேர்வராயனும் காவேரி அம்மனும்.

நான் கைபேசியோடு வட்டமடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு பெரியவர் விசாரித்தார். பக்கத்து மலைக் கிராமத்துக்காரர்.

"என்னங்க தம்பி, சிக்னலு கெடைக்கலீங்களா?"

"இல்லீங்க ஐயா, உயரம் பாக்குறேன்."

"ஓ... இந்தக் குகை உள்ளுக்குள்ளயே காவேரிக்குப் போவுதுங்க. அதையும் பாத்துட்டுப் போங்க."

சரிங்க என்று தலையாட்டிவிட்டு மறுபடி திரையைப் பார்க்க ஆரம்பித்தேன். இந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். என் கண்டுபிடிப்புக்கு ஆதரவாக யாராவது 5,026 என்று எழுதியிருக்கமாட்டார்களா என்ற நப்பாசை. நடந்தது நேர்மாறு. 1911-இல் வந்த என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா பதினோராம் பதிப்பில் சேர்வராயன் மலைக்கு ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. அதில் மிக உயர்ந்த சிகரம் 5,410 அடி! ஏற்காடு ஊருக்கு 4,828 அடி என்று போட்டிருக்கிறார்கள். இன்றைய சுற்றுலாக் கையேடுகளில் ஊரின் உயரம் 4,970. ஆக, ஊர் நூறு வருஷத்தில் 142 அடி வளர்ந்திருக்கிறது, சிகரம் 84 அடி குறைந்திருக்கிறது. ஊர் விஷயத்தை விட்டுவிடலாம். ஊர் என்பது ஒரு புள்ளி இல்லை. ஏரிக்கரையில் நின்று அளந்தால் ஒன்று, மேட்டில் ஒரு பங்களா வாசலில் நின்று அளந்தால் வேறொன்று. சிகரத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது.

இப்போது என் கையில் மூன்று எண்கள்: 5,410, 5,326, 5,026. ஒரே மலை.

இதற்கு முன்னால், ஒரு மலையின் உயரத்தை அளக்கவேண்டும் என்ற ஆசையே மனிதர்களுக்கு எப்போது வந்தது என்று பார்க்கலாம். ஐரோப்பாவில் மலையேற்றத்தின் கதையை ஆல்ப்ஸின் மோன் ப்ளாங்கிலிருந்து தொடங்குவது வழக்கம். ஜெனீவாவைச் சேர்ந்த விஞ்ஞானி சொசூர் 1760-இல், அந்த உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். 26 வருஷம் கழித்து, 1786 ஆகஸ்ட் 8 அன்று பக்கார் என்ற மருத்துவரும் பால்மா என்ற மலைவாசியும் ஏறி முடித்தார்கள். கோடைக்காலம்தான். அந்த மலைகளில் பனி இளகிப் பாதை திறக்கும் மாதங்கள் அவை. பக்கார் மேலே தூக்கிப்போன சாமான்களில் முக்கியமானது ஒரு பாரமானி. மறுவருஷம் ஆகஸ்டில் சொசூரே பதினெட்டு வழிகாட்டிகளோடு ஏறினார். அவர் கொண்டுபோனதும் பாரமானிகள், வெப்பமானிகள். நவீன மலையேற்றம் பிறந்ததே ஓர் அளவெடுக்கும் வேலையாகத்தான். விளையாட்டாக மாறியது பிறகு. லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கியதே 1857-இல்தான்.

பாரமானியில் உயரம் அளப்பது எளிமையான யோசனை. மேலே போகப்போகக் காற்றின் கனம் குறையும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் எவ்வளவு ஏறினோம் என்று சொல்லிவிடலாம். தண்ணீரைக் கொதிக்கவைத்தும் பார்க்கலாம். ஏறக்குறைய ஆயிரம் அடிக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் கொதிநிலை இறங்கும். சேர்வராயன் உச்சியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 95-ஐ ஒட்டியே கொதித்துவிடும். (மேலே போய்ப் பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.) பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஊர் மலைகளுக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகள், தோட்டக்காரர்கள், பாதிரியார்கள் பலரிடம் பாரமானியோ கொதிநிலை வெப்பமானியோ இருந்தது.

ஆனால் பாரமானிக்கு நம் பக்கத்தில் ஒரு வினோதமான சிக்கல் உண்டு. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் கடல் அலை மாதிரி தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. காலை 10 மணியை ஒட்டி உச்சம், மாலை 4 மணியை ஒட்டி தாழ்வு. இரவில் மறுபடி இதே ஆட்டம். ஐரோப்பாவில் புயல் மழையின் ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே இது கண்ணில் படுவதே கஷ்டம். நம் ஊரில் கடிகாரம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒழுங்காக நடக்கும்.

இதைச் சோதித்துப் பார்த்தேன். என் கைபேசியில் காற்றழுத்த உணரியும் இருக்கிறது. ஏற்காட்டில் தங்கிய அறையின் மேசைமேல் அதை நாள் முழுக்க அசையாமல் வைத்துவிட்டு, அழுத்தத்தை உயரமாக மாற்றிப் பதிவு செய்யவிட்டேன். காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நடுவே அந்த மேசை 24 மீட்டர் 'ஏறியிருந்தது'. கிட்டத்தட்ட 80 அடி.

5,410-க்கும் 5,326-க்கும் இடைவெளி 84 அடி. பாரமானியை மட்டும் நம்பி ஒருவர் காலையில் அளந்திருந்தால் ஒரு மலை, சாயங்காலம் அளந்திருந்தால் இன்னொரு மலை! அந்தக் காலத்து நல்ல அளவையாளர்களுக்கு இது தெரியும். அடிவாரத்தில் இன்னொரு பாரமானியை வைத்து, ஒரே நேரத்தில் இரண்டையும் வாசிப்பார்கள். அவசரத்தில் வந்து போனவர்களிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. போதாக்குறைக்கு, ஆங்கில நூல்களில் உச்சியாகச் சொல்லப்படுவது 'க்ரீன் ஹில்ஸ்' என்ற மேட்டுநிலம். பச்சை மலை என்று அவர்கள் வைத்த பெயருக்கும் கோயில் என்று நாம் காட்டும் இடத்துக்கும் நடுவே எந்த மேட்டில் நின்றார்கள் என்பதிலேயே சில அடிகள் போய்விடும்.

சரி, பாரமானியை விட்டால் கோண அளவை. இங்கே நம் மாநிலத்துக்குப் பெருமையான கதை ஒன்று உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஒரு அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்ததுதான் பிற்பாடு இமயமலை வரைக்கும் போன மாபெரும் முக்கோண அளவை. அதன் முதுகெலும்பு 78-ஆவது தீர்க்க ரேகையை ஒட்டி, குமரிமுனையிலிருந்து வடக்கே ஓடுகிறது. அந்த ரேகை சேர்வராயன் கோயிலுக்கு மேற்கே இருபத்திச் சொச்சம் கிலோமீட்டரில், ஓமலூர்ப் பக்கமாகப் போகிறது. சேலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது நாற்பது வயசுக்கு மேல்தான் தெரியும் என்பது கொஞ்சம் வெட்கம்தான்.

லாம்டன் தொடங்கிய பரங்கிமலை இருக்கிறதே, அதன் பாறையும் சார்னோகைட்தான். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர், கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல்லைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார். சேர்வராயனும் பரங்கிமலையும் ஒரே குடும்பம். எந்தக் கணக்குக்கும் உதவாத தகவல், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அளவைக்காரர்கள் ஒரு மலையின் உயரத்தை அடி அடியாக நடந்து கண்டுபிடிப்பதில்லை. தெரிந்த தூரத்திலிருந்து உச்சியை நோக்கிக் கோணம் எடுப்பார்கள். பார்வைக்கோடு காற்றுக்குள் வளைவதையும் பூமியின் உருண்டையையும் கழிப்பார்கள். ஆனால் எல்லாக் கணக்கும் கடைசியில் ஒரு கேள்வியில் போய் முட்டும்: எதற்கு மேலே? பதில், கடல். எந்தக் கடல்? இந்தியாவுக்கு 1909-இல் முடிவான உயர அடிப்படை, சென்னையும் நாகப்பட்டினமும் உட்பட ஒன்பது துறைமுகங்களில் அலை ஏற்ற இறக்கத்தை வருஷக்கணக்கில் பதிவு செய்து எடுத்த சராசரி. அங்கிருந்து மட்டக்கோலும் தொலைநோக்கியுமாகச் சாலையோரம் நடந்து, கல் கல்லாக உயரத்தை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளின் கீழே பொடி எழுத்தில் இருக்கும் உயரத்துக்கும் ஆரம்பம் கடல்தான்.

என் முந்நூறு அடியும் இங்கேதான் அகப்பட்டது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்குக் கடல் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணித உருண்டை. பூமிக்குச் சுமாராகப் பொருந்தும்படி வரைந்த, வழவழப்பான, துருவங்களில் லேசாக அமுங்கிய பந்து. உண்மையான கடல்மட்டம் அப்படி வழவழப்பாக இல்லை. பூமிக்குள்ளே பொருள் எங்கே அடர்த்தி, எங்கே லேசு என்பதைப் பொறுத்து ஈர்ப்பு மாறும். அதற்கேற்பக் கடலும் மேடு பள்ளமாகத்தான் நிற்கும். அந்த மேடுபள்ளப் பரப்புக்குப் பெயர் ஜியாய்டு.

உலகத்திலேயே ஆழமான ஜியாய்டு பள்ளம் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? இலங்கைக்குத் தெற்கே, நம் இந்துமாக் கடலில்! அங்கே கடல்மட்டம் அந்தக் கணித உருண்டைக்குக் கீழே 106 மீட்டர். அதற்கான காரணத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார்கள். ஆப்பிரிக்காப் பக்கம் பூமியின் ஆழத்திலிருந்து மேலெழும் சூடான, லேசான பொருளையும், மூழ்கிப்போன ஒரு பழங்கடலின் தரையையும் அதற்குச் சம்பந்தப்படுத்துகிறது அது. தமிழ்நாடு முழுக்க அந்தப் பள்ளத்தின் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. சேர்வராயன் பக்கம் கடல்மட்டம் உருண்டைக்குக் கீழே சுமார் 90 மீட்டர். என் செயலி உருண்டையிலிருந்து எண்ணியது. கோயில் உயரம் கடலிலிருந்து எண்ணியது. 1,532-உடன் 90-ஐக் கூட்டினால் 1,622.

செயலியில் ஒரே ஒரு வரி திருத்தம். கைபேசிகளில் கிடைக்கும் மூல உயரம் உருண்டையிலிருந்து எண்ணப்படுவது, கடல்மட்டம் வேண்டுமானால் ஜியாய்டு அட்டவணையைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். நண்பர்கள் குழுவில் மன்னிப்புக் கேட்டபோது வந்த பதில்களை இங்கே எழுத முடியாது.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் அந்தப் பெரியவர் சொன்னது மறுபடி காதில் விழுந்தது. குகை காவேரிக்குப் போகிறது.

சேர்வராயன் மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளி. தாய்மொழி தமிழ். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் இவர்களுடைய பூர்வகதை ஒன்று வருகிறது. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் சாமியைத் தொடர்ந்து கிளம்பினார்கள். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இன்றும் பெரிய மலையாளி, பச்சை மலையாளி, கொல்லி மலையாளி என்ற பிரிவுகள் உண்டு.

மே மாதம் சேர்வராயனுக்குத் திருவிழா. சுற்றியுள்ள மலைக் கிராமங்கள் அத்தனையும் உச்சிக்கு வந்துவிடும். ஆல்ப்ஸில் கோடையில் ஏறுவதற்குப் பனி காரணம் என்றால், நம் பக்கம் மழை காரணம். தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்னால், காடு கழனி வேலை தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கும் இடைவெளி. வெள்ளியங்கிரி மலைக்கு ஏறும் பருவமும் மே மாதத்தோடு முடிகிறது. இலங்கையில் சிவனொளிபாதமலையின் பருவமும் அப்படித்தான்.

ஏற்காட்டைப் பற்றிய எந்தச் சுற்றுலாக் குறிப்பை எடுத்தாலும் கதை 1820-களில் ஆரம்பிக்கும். சேலம் கலெக்டர் டேவிட் காக்பர்ன் வந்தார், காபி பயிரிட்டார், 'ஏற்காட்டின் தந்தை' ஆனார். காபி கொண்டுவந்தது உண்மை, பெரிய விஷயமும்கூட. ஆனால் தந்தை என்ற பட்டம் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. இந்த மலையில் புதிய கற்காலத்தின் மெருகேற்றிய கற்கோடரிகள் கிடைத்திருக்கின்றன. மண்ணில் அகப்பட்ட கோடரிகளை மலை மக்கள் எடுத்து, சின்னச் சின்னக் கோயில்களில் பிள்ளையாராக வைத்துக் கும்பிட்டார்கள். ஜவ்வாது மலையில் இன்றைக்கும் அப்படிக் கும்பிடுகிறார்கள். இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியை 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கண்டெடுத்த ராபர்ட் ப்ரூஸ் ஃபுட் கடைசிக் காலத்தில் குடியிருந்தது ஏற்காட்டில்தான். அவருடைய கல்லறை இங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். அவரும் 1882-இல் ஏற்காட்டில்தான் இறந்தார். இவர்கள் இருவரைப் பற்றியும் தனியாக எழுதவேண்டும்.

குகைக்கு வருவோம். கோயில் குகை காவேரி வரைக்கும் போகிறது என்பது மலை மக்களின் நம்பிக்கை. அதனால்தான் சேர்வராயனுக்குப் பக்கத்தில் காவேரி அம்மன். பாக்சைட் மேலோட்டில் இருக்கும் ஒரு பொந்து, கீழே எங்கேயோ தூரத்தில் ஓடும் ஆற்றுக்குப் போகாது என்று புவியியல் படித்தவர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்துத் தலையாட்டினேன். இப்போது யோசித்தால், அளவைக்காரர்கள் செய்ததும் இதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை. உச்சியைத் தூரத்துத் தண்ணீர் ஒன்றோடு இணைத்தார்கள். அவர்களுக்கு அது நாகப்பட்டினத்துக் கடல், பெரியவருக்குக் காவேரி. என் செயலி மட்டும்தான் தண்ணீரே இல்லாத ஒரு பந்தோடு மலையைக் கட்டிவைத்தது.

இந்த மே மாதம் மறுபடி போயிருந்தேன். திருத்திய செயலி கோயில் வாசலில் 1,625 காட்டியது. கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, குனிந்து குகைக்குள் போனேன். போன தடவை வாசலோடு திரும்பிவிட்டேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உள்ளே நல்ல குளிர்ச்சி. தரை ஈரமாக இருந்தது.